சிடன்ஹாம்: இரண்டு முறை உருவாகி இரண்டு முறை மறைந்த ஒரு புறநகர்த் தொகுதி

#1 ஏடுதேடி

நியூசிலாந்தின் பழைய நாடாளுமன்றத் தொகுதிகளைப் பற்றித் தமிழில் வரும் தொகுப்புக்காக கிறைஸ்ட்சர்ச் நகரின் தெற்குப் புறநகரான சிடன்ஹாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவின் முதல் இரண்டு வரிகள் இவை:

"சிடன்ஹாம் தொகுதி 1881 முதல் 1996 வரை இருந்தது. விகிதாசாரத் தேர்தல் முறை வந்ததால் நீக்கப்பட்டது."

இரண்டுமே சரியில்லை என்று படுகிறது. 1893இல் பெண்கள் முதன்முறை வாக்களித்தார்களே, அந்தத் தேர்தலின் முடிவுகளில் சிடன்ஹாம் என்ற பெயரையே காணோம். 115 வருடம் இருந்த தொகுதி அந்த ஒரு தேர்தலில் மட்டும் எங்கே போயிற்று? அப்புறம், புதிய முறையில் பழைய பெயர்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. சிடன்ஹாம் மட்டும் ஏன் போயிற்று? எல்லைக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 எல்லைக்கல்

முதல் வரி முழுத் தவறு. சிடன்ஹாமுக்கு இரண்டு ஆயுள். முதலாவது 1881–1890, இரண்டாவது 1946–1996. நடுவே 56 வருடம் அந்தப் பெயரில் தொகுதியே கிடையாது. 1893இல் தேடினால் கிடைக்காது.

முதல் மறைவு எப்படி நடந்தது என்றால்: 1887இல் அவையின் அளவை 95இலிருந்து 74ஆகக் குறைக்கச் சட்டம் வந்தது. அடுத்த பொதுத்தேர்தல், அதாவது 1890 டிசம்பர் 5, அந்த அளவில் நடந்தது. இந்த 74இல் 4 மாவோரித் தொகுதிகள், அதாவது நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கான தனித் தொகுதிகள். அதே தேர்தலில் ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச், டனீடன் ஆகிய நான்கு நகரங்களையும் ஆளுக்கு மூன்று உறுப்பினர் கொண்ட பெருந்தொகுதிகளாக மாற்றினார்கள். கிறைஸ்ட்சர்ச் வடக்கு, கிறைஸ்ட்சர்ச் தெற்கு, சிடன்ஹாம் என்று தனித்தனியாக இருந்தவை "கிறைஸ்ட்சர்ச் நகரம்" என்ற மூவர் தொகுதிக்குள் போயின. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு.

1905இல் அந்தப் பெருந்தொகுதியை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாக உடைத்தபோதும் சிடன்ஹாம் பெயர் திரும்பவில்லை. ரயில் பாதைக்குத் தெற்கே இருந்த பழைய பகுதி பெரும்பாலும் கிறைஸ்ட்சர்ச் தெற்கின் கணக்கில் வந்தது. பெயர் மீண்டது 1946இல்தான்.

இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து "115 ஆண்டுத் தொகுதி" என்று எழுதாதீர்கள். பெயர் ஒன்று, நிலப்பரப்பு வேறு, சட்ட அடிப்படை வேறு.

#3 தென்காற்று

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். சிடன்ஹாம் என்ற பெயரில் மூன்று உண்டு: புறநகர், நகராட்சி, நாடாளுமன்றத் தொகுதி. மூன்றுக்கும் பிறப்பு இறப்பு வெவ்வேறு.

நகராட்சி 1877இல் அமைந்தது. 1903இல் லின்வுட், செயின்ட் ஆல்பன்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து கிறைஸ்ட்சர்ச் மாநகரில் இணைந்தது. ஆக, 1890இல் தொகுதி மறைந்த பிறகும் 13 வருடம் நகராட்சி இருந்தது. 1946இல் தொகுதி மீண்டபோது நகராட்சி இல்லாமல் போய் 43 வருடம் ஆகியிருந்தது. "சிடன்ஹாம் மேயர்" என்று ஒரு செய்தியில் வந்தால் அது 1877–1903க்குள் மட்டுமே பொருந்தும்.

புறநகரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அரசியல் எளிதாகப் புரியும். நகர மையத்துக்குத் தெற்கே மூர்ஹவுஸ் அவென்யூ. பழைய பெயர் சவுத் பெல்ட். அதை ஒட்டி ரயில் பாதை. அதைத் தாண்டினால் கொலம்போ தெருவின் இருபுறமும் சிடன்ஹாம். மேற்கே அடிங்டன், அங்கே 1880இல் திறந்த ரயில்வே பட்டறைகள். சிறிய மனைகள், மர வீடுகள், தொழிற்கூடங்கள், தொழிலாளர் குடும்பங்கள். தெருக்களுக்கோ வேர்ட்ஸ்வொர்த், பைரன், மில்டன் என்று ஆங்கிலக் கவிஞர்களின் பெயர்கள். 1880கள், 90களில் மதுவிலக்கு இயக்கத்தின் முக்கியமான களம் இது. 1890கள் முதற்கொண்டே "சிடன்ஹாம் என்ன சொல்கிறது" என்பது நாட்டளவில் கவனிக்கப்பட்ட விஷயம்.

கூடவே ஒரு தகவல். 1903இல் நகராட்சி இணைந்தபோது கிறைஸ்ட்சர்ச் மேயராக இருந்தவர் ஹென்றி விக்ரம். 1916இல் விமானப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே; அதனால்தான் கிறைஸ்ட்சர்ச்சின் விக்ரம் விமானத்தளத்துக்கு அவர் பெயர். 1996இல் சிடன்ஹாம் தொகுதி மறைந்தபோது அதன் உறுப்பினர் போய் நின்ற புதிய தொகுதியின் பெயரும் விக்ரம்தான். தற்செயல்தான் என்றாலும் பதிவு செய்ய வேண்டியது.

#4 வாக்குச்சீட்டு

உறுப்பினர் பட்டியலைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரு காலத்திலும் சேர்த்து மொத்தம் ஆறு பேர்தான்.

முதல் காலம்: வில்லியம் ஒயிட் (1881–1886), ரிச்சர்ட் மோல்ஸ்வர்த் டெய்லர் (1886 இடைத்தேர்தல் முதல் 1890 வரை).

இரண்டாம் காலம்: மேபல் ஹோவர்ட் (1946–1969), நார்மன் கிர்க் (1969–1974), ஜான் கிர்க் (1974–1984), ஜிம் ஆண்டர்டன் (1984–1996).

பலர் சறுக்கும் இடம் டெய்லர். ரிச்சர்ட் மோல்ஸ்வர்த் டெய்லர் சிடன்ஹாம் உறுப்பினர். மதுவிலக்குத் தலைவர் டி. இ. டெய்லர் வேறு ஆள். இவர் சிடன்ஹாமில் இயக்கம் நடத்தியவர், 1896 இடைத்தேர்தலில் "கிறைஸ்ட்சர்ச் நகரம்" மூவர் தொகுதியில் வென்றவர், 1911இல் கிறைஸ்ட்சர்ச் மேயரானவர், அதே ஆண்டு இறந்தவர். சிடன்ஹாம் என்ற பெயரிலான தொகுதிக்கு இவர் ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை. இவர் காலத்தில் அந்தத் தொகுதியே இல்லை. பழைய நாளிதழ்களில் "மிஸ்டர் டெய்லர், சிடன்ஹாம்" என்று வந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1890க்கு முன் நாடாளுமன்றச் செய்தி என்றால் ரிச்சர்ட். 1890களில் மதுவிலக்குக் கூட்டம் என்றால் பெரும்பாலும் மற்றவர்.

#5 பட்டியல்காரர்

வாக்காளர் பட்டியலை வைத்து வேலை செய்பவர்களுக்காகச் சில குறிப்புகள். வம்சாவளி தேடுபவர்கள் சிடன்ஹாமில் அடிக்கடி முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஆண்டு, பிறகு தெரு, கடைசியாகத்தான் தொகுதிப் பெயர். "எங்கள் கொள்ளுத்தாத்தா சிடன்ஹாமில் இருந்தார், ஆகவே சிடன்ஹாம் பட்டியல்" என்று தொடங்கினால் 1890–1946க்கு இடையே ஒன்றும் அகப்படாது. 1893 முதல் 1902 வரையான தேர்தல்களுக்கு "கிறைஸ்ட்சர்ச் நகரம்" பட்டியலை எடுங்கள். பெயர் இல்லையென்றால் பக்கத்துத் தொகுதிகளான லிட்டெல்டன், ரிக்கர்டன், ஏவன் பட்டியல்களைப் பாருங்கள். புறநகரின் ஓரத்தில் கோடு தெரு நடுவே ஓடும். ஒரே தெருவின் இரட்டை எண் வீடுகள் ஒரு தொகுதி, ஒற்றை எண் வீடுகள் இன்னொன்று என்று அமைவது சாதாரணம்.

1880களின் பட்டியலில் ஒரே பெயர் சிடன்ஹாமிலும் கிறைஸ்ட்சர்ச் தெற்கிலும் இருந்தால், அச்சுப்பிழை என்றோ இரண்டு ஆட்கள் என்றோ முடிவு கட்டவேண்டாம். 1879 சட்டப்படி வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு வந்துவிட்டது. 1881தான் அந்த அடிப்படையில் நடந்த முதல் பொதுத்தேர்தல். ஆனால் சொத்து வைத்திருந்தவர் சொத்து உள்ள ஒவ்வொரு தொகுதியிலும் வாக்களிக்கும் பழைய உரிமை 1889 வரை நீடித்தது. பட்டியலில் தகுதிக் கட்டம் என்று ஒன்று இருக்கும். வசிப்பிடமா சொத்தா என்று அதில் சொல்லியிருப்பார்கள்; சொத்து என்றால் மனை எண்ணும் இருக்கும். ஓரிடத்தில் வசிப்பிடம், மற்றதில் சொத்து என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். தொலைவில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு இடத்திலும் வாக்களிப்பது சிரமம். ரயில் பாதைக்கு இந்தப்பக்கம் ஒரு தொகுதி, அந்தப்பக்கம் ஒரு தொகுதி என்று இருந்தவர்களுக்கு நடந்தே முடித்துவிடலாம். ஒட்டிக் கிடந்த புறநகர்த் தொகுதிகளின் 1880களின் வாக்கு எண்ணிக்கையைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

மாவோரி வாக்காளர்கள் தனி. நாட்டின் இரு பெருந்தீவுகளில் கிறைஸ்ட்சர்ச் இருப்பது தென் தீவில். 1996க்கு முன் தென் தீவு முழுக்க ஒரே மாவோரித் தொகுதி, தெற்கு மாவோரி. சிடன்ஹாமில் வீடு இருந்தாலும் அந்தத் தொகுதியில் வாக்களித்தவர்கள் சிடன்ஹாம் கணக்கில் வரமாட்டார்கள்.

#6 ஏடுதேடி

மிக்க நன்றி, முதல் வரியை எடுத்துவிட்டேன். 56 வருடம் கழித்து ஏன் திடீரென்று 1946இல் பெயர் மீண்டது? யாராவது கோரிக்கை வைத்தார்களா?

#7 எல்லைக்கல்

கோரிக்கையைவிடக் கணக்குதான் காரணம். "கிராமப்புறக் கூடுதல்" என்று ஒரு ஏற்பாடு 1881இலிருந்தே இருந்தது. தொகுதிகளைப் பிரிக்கும்போது கிராமப்புற மக்கள்தொகையோடு ஒரு விழுக்காட்டைப் பொய்யாகக் கூட்டிக்கொள்வது. முதலில் மூன்றில் ஒரு பங்கு, 1887இல் 18%, 1889 முதல் 28%.

எண் வைத்துப் பார்த்தால் விளங்கும். 10,000 கிராமத்தார் ஏட்டில் 12,800 பேராக எண்ணப்படுவார்கள். ஒரு தொகுதிக்கு 12,800 தேவை என்றால் கிராமத்தில் 10,000 பேருக்கு ஒரு உறுப்பினர், சிடன்ஹாம் போன்ற இடத்தில் 12,800 உயிருள்ள மனிதர்களுக்கு ஒரு உறுப்பினர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நகரத் தொழிலாளியின் வாக்குக்கு எடை குறைவு.

1945இல் தொழிற்கட்சி அரசு இதை ஒழித்தது. அதே நேரம் போரால் 1941இல் நடக்காத கணக்கெடுப்பு 1945இல் நடந்தது. பத்து வருட இடப்பெயர்வு ஒரே மூச்சில் எல்லைகளில் ஏறியது. இரண்டும் சேர்ந்து 1946 வரைபடத்தைப் புரட்டிப்போட்டன: 27 தொகுதிகள் நீக்கம், 19 முற்றிலும் புதியவை, 8 பழைய பெயர்கள் மீட்பு. மாறாமல் தப்பிய தொகுதி ஒன்றுகூட இல்லை. மீண்ட எட்டில் ஒன்று சிடன்ஹாம். கிறைஸ்ட்சர்ச்சின் வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்றும் அப்போது போயின.

மொத்த இடம் 80 என்பது மாறவே இல்லை. ஆகவே நகரங்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு கூடுதல் இடமும் கிராமப்புறத்திலிருந்து வந்ததுதான். சிடன்ஹாமின் இரண்டாம் பிறப்பு அந்த 28% ஒழிந்ததன் நேரடி விளைவு. கட்டுரையில் ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் இந்த வரியைப் போடுங்கள்.

#8 வாக்குச்சீட்டு

1946க்குப் பிறகான தேர்தல் கணக்கு ரொம்ப நேர்த்தியானது. 1946 முதல் 1993 வரை 17 பொதுத்தேர்தல், ஓர் இடைத்தேர்தல். முதல் 15 பொதுத்தேர்தலும் 1974 இடைத்தேர்தலும் தொழிற்கட்சிக்கு. 1990 ஆண்டர்டன் தொடங்கிய புதுத் தொழிற்கட்சிக்கு, 1993 அது பிற சிறு கட்சிகளோடு சேர்ந்து அமைத்த கூட்டணிக் கட்சிக்கு. தேசியக் கட்சி ஒருமுறைகூட வென்றதில்லை.

மேபல் ஹோவர்ட் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். அவருடைய தந்தை டெட் ஹோவர்ட் 1919 முதல் 1939இல் இறக்கும்வரை கிறைஸ்ட்சர்ச் தெற்கு உறுப்பினர். தந்தையின் இடத்துக்கு மகள் வாய்ப்புக் கேட்டார். கட்சி ராபர்ட் மக்ஃபார்லனுக்குக் கொடுத்தது. 1933இலேயே கான்டர்பரி பொதுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகி, ஆண்கள் நிறைந்த ஒரு சங்கத்துக்கு அந்நாட்டில் முதல் பெண் செயலாளரானவர். அப்படிப்பட்டவரைத் தள்ளிவிட்டார்கள் என்பது அநியாயம்தான். 1943 இடைத்தேர்தலில் கிறைஸ்ட்சர்ச் கிழக்கில் வென்றார். 1946இல் அந்தத் தொகுதி மறைந்ததும் புதிய சிடன்ஹாமுக்கு வந்தார். 23 வருடம் அசைக்க முடியவில்லை. 1947 மே மாதம் சுகாதார அமைச்சரானபோது நியூசிலாந்தின் முதல் பெண் அமைச்சர். 1957–1960 அரசில் சமூகப் பாதுகாப்பு அமைச்சர்.

1954இல் அவையில் பெண்களின் உள்ளாடை இரண்டைத் தூக்கிக் காட்டினார் என்பதை வேடிக்கையாக எழுதுகிறார்கள். விஷயம் அளவுமுறை. இரண்டிலும் ஒரே அளவுக் குறி, விரித்தால் இரண்டும் வெவ்வேறு அளவு. துணி வாங்கிப்போய் வீட்டில் போட்டுப் பார்த்து ஏமாறும் குடும்பங்களுக்காக, அளவுக் குறியீட்டைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தக் கேட்டார். சிடன்ஹாமின் கூலிக் குடும்பங்களை அறிந்தவர் எழுப்பக்கூடிய கேள்வி அது.

#9 தென்காற்று

1969 மாற்றத்தையும் சேருங்கள். தொழிற்கட்சி வயது வரம்பு கொண்டுவந்ததால் ஹோவர்ட் போட்டியிட முடியவில்லை. அப்போது அவருக்கு 75. அந்த இடத்துக்கு வந்தவர் கட்சித் தலைவர் நார்மன் கிர்க். 1957 முதல் லிட்டெல்டன் உறுப்பினர். அது இழுபறித் தொகுதி. தலைவர் நாடு முழுக்கப் பிரச்சாரத்துக்குப் போக வேண்டும். தன் தொகுதியிலேயே கட்டிப்போடப்பட்டால் நடக்காது. சிடன்ஹாம் அந்தக் கவலையைத் தீர்த்தது. 1972 டிசம்பர் 8 அன்று சிடன்ஹாம் உறுப்பினர் பிரதமரானார்.

1974 ஆகஸ்ட் 31இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். வயது 51. நவம்பர் 2 இடைத்தேர்தலில் மகன் ஜான் கிர்க் வென்றார். 1983இல் தொழிற்கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையானார். ஆகவே 1974–1984 முழுவதையும் "தொழிற்கட்சி" என்று அட்டவணையில் போடாதீர்கள். கடைசிப் பகுதி சுயேச்சை.

#10 ஏடுதேடி

1990 தான் எனக்குப் புரியவில்லை. ஆண்டர்டன் போல ஆளுங்கட்சியை விட்டு வெளியே வந்து, சொந்தக் கட்சி தொடங்கி, அதே தொகுதியில் ஜெயிப்பது அந்நாட்டில் அதற்கு முன் நடந்ததா?

#11 வாக்குச்சீட்டு

இல்லை. நிலைபெற்ற கட்சியிலிருந்து விலகி, புதுக்கட்சி நிறுவி, அதன் பெயரில் மீண்டும் வென்ற முதல் ஆள் ஆண்டர்டன்தான். 1940இல் வெளியேற்றப்பட்ட ஜான் ஏ. லீ 1943இல் கிரே லின் தொகுதியைப் பறிகொடுத்தார். 1979இல் விலகிய மடியு ராட்டா, 1980இல் தானாகப் பதவி விலகி வடக்கு மாவோரியில் இடைத்தேர்தல் வரவழைத்துத் தோற்றார். இருவருமே தங்கள் மண்ணில் செல்வாக்குள்ளவர்கள்தான்.

வரிசை இது. ஆண்டர்டன் 1979–1984இல் தொழிற்கட்சியின் அமைப்புத் தலைவர். 1984இல் சிடன்ஹாம். அப்போதைய தொழிற்கட்சி ஆட்சி அரசு நிறுவனங்களை விற்கத் தொடங்கியது. 1988இல் நியூசிலாந்து வங்கி விற்பனையில் கொறடா உத்தரவை மீறியதால் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கம். 1989 ஏப்ரலில் விலகல், மே 1 அன்று புதுத் தொழிற்கட்சி. 1990 அக்டோபர் 27இல் தேசியக் கட்சி 67, தொழிற்கட்சி 29, புதுத் தொழிற்கட்சி 1. அந்த ஒன்று சிடன்ஹாம்.

#12 தென்காற்று

ஏன் தாக்குப்பிடித்தது என்பதற்கு ஆளுமையை மட்டும் சொல்லக்கூடாது. அடிங்டன் ரயில்வே பட்டறைகள் 1990இல் மூடப்பட்டன. நூறு வருடத்துக்கும் மேலாகத் தெற்குப் புறநகருக்குச் சோறு போட்ட இடம். விற்பனைக் கொள்கையை எதிர்த்து வெளியேறியவருக்கு, அந்தக் கொள்கையின் அடி விழுந்த இடமே தொகுதி. இங்கே தொழிற்கட்சிக்கு வாக்களித்த குடும்பம், கட்சியின் பழைய கொள்கைக்கு வாக்களிக்க விரும்பினால் ஆண்டர்டனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

#13 எல்லைக்கல்

பட்டறை வாதத்தை ஏற்கிறேன், அதையே முழுக் காரணமாக வைப்பதை ஏற்கவில்லை. ரயில்வே, அஞ்சல், வனத்துறை வேலைகள் போன தொகுதிகள் நாடெங்கும் இருந்தன. வேறெங்கும் புதுத் தொழிற்கட்சி வெல்லவில்லை. ராட்டாவும் லீயும் தோற்றதற்கும் இவர் வென்றதற்கும் நடுவே ஒரு நடைமுறை வேறுபாடு உண்டு: இவர் கட்சியின் அமைப்பை ஐந்து வருடம் நடத்தியவர். வீடு வீடாகப் பட்டியல் வைத்து ஆதரவாளரைக் குறிப்பது, தேர்தல் நாளில் வண்டி வைத்து அழைத்து வருவது, சிறு நன்கொடை திரட்டுவது எல்லாம் கைவந்த கலை. அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறையில் அது தீர்மானிக்கும் காரணி.

#14 தென்காற்று

சரி, இரண்டையும் போடலாம். அமைப்பு இருந்தும் கோபம் இல்லாவிட்டால் வாக்கு வராது. கோபம் மட்டும் இருந்தால் 1990இல் அது தேசியக் கட்சிக்குப் போனது போலப் போயிருக்கும்.

#15 ஏடுதேடி

இப்போது என் இரண்டாவது வரி. "விகிதாசார முறை வந்ததால் நீக்கப்பட்டது" என்பதை வைக்கலாமா?

#16 எல்லைக்கல்

வைக்கலாம், ஆனால் பாதி உண்மை. சிடன்ஹாமைக் கரைத்தது 25 என்ற எண் 16 ஆனது.

தென் தீவின் பொதுத் தொகுதிகள் எத்தனை என்பதைச் சட்டமே நிலையாக வைத்திருக்கிறது. 1965 சட்டத்தால் 25. தென் தீவின் பொதுத் தொகுதி மக்கள்தொகையை 25ஆல் வகுத்தால் வருவது ஒரு தொகுதியின் அளவு. அதே அளவால் வட தீவு மக்கள்தொகையை வகுத்தால் வட தீவின் தொகுதி எண்ணிக்கை. வட தீவு வளர வளர அவை பெரிதானது. தென் தீவு அப்படியே நின்றது. 1966இல் 80 இருந்த அவை 1969இல் 84, 1972இல் 87, 1978இல் 92, 1984இல் 95, 1987இல் 97, 1993இல் 99. வந்த இடம் ஒவ்வொன்றும் வடக்குக்கு.

1996இல் மொத்தம் 120 உறுப்பினர். அதில் தொகுதிகள் 65, கட்சிகளின் வாக்கு விகிதப்படி நிரப்பும் பட்டியல் இடங்கள் 55. தென் தீவுக்கு 16 என்று நிர்ணயம். வட தீவு 44, மாவோரி 5.

இதை ஒரு மாதிரிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தென் தீவில் 8,00,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 25ஆல் வகுத்தால் 32,000. 5% ஏற்ற இறக்கம் அனுமதி, ஆகவே 30,400 முதல் 33,600 வரை. 16ஆல் வகுத்தால் 50,000. 47,500 முதல் 52,500 வரை. தொகுதி ஒவ்வொன்றும் 56% பெரிதாக வேண்டும். பழைய மூன்று தொகுதியை ஒன்றாக உருட்டினால் புதியதில் 1.92 மட்டுமே கிடைக்கும். அதாவது ஒவ்வொரு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்று சாகவேண்டும்.

இதில் புறநகர்த் தொகுதிக்குத்தான் அதிக ஆபத்து. ஓரத்தில் இருக்கும் கிராமப்புறத் தொகுதி ஒரு பக்கம் கடலிலோ மலையிலோ சாய்ந்து நிற்கும். நடுவே மாட்டிய சின்னப் புறநகர்த் தொகுதியை நாலா பக்கமும் இழுப்பார்கள். 1996இல் சிடன்ஹாமோடு ஏவன், செயின்ட் ஆல்பன்ஸ், ஃபென்டல்டன், யால்ட்ஹர்ஸ்ட், லிட்டெல்டன், கிறைஸ்ட்சர்ச் வடக்கு என்று வரிசையாகப் பெயர்கள் போயின. கிறைஸ்ட்சர்ச் மத்தி நின்றது. கிறைஸ்ட்சர்ச் கிழக்கு, விக்ரம் இரண்டும் பழைய பெயர்கள் மீண்டவை. இலம், பேங்க்ஸ் பெனின்சுலா, வைமகரிரி புதியவை. விக்ரம் 1969–1978இல் ஏற்கெனவே ஒருமுறை இருந்த தொகுதி என்பதைக் கவனியுங்கள். அதற்கும் இரண்டு ஆயுள்.

#17 வாக்குச்சீட்டு

எல்லைக்கல் சொல்லும் எண்கணிதம் சரி. என்றாலும் தேர்தல் முறையைப் பின்னுக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. 120க்குள் பட்டியல் இடங்களுக்கு வழிவிடத்தானே 25 என்பது 16 ஆயிற்று? அந்த மாற்றத்துக்கு மக்களைத் தள்ளியதில் சிடன்ஹாமுக்கே பங்கு உண்டு.

1993 நவம்பர் 6. ஆண்டர்டனின் கூட்டணிக் கட்சி நாடு முழுக்க 18.2% வாக்கு வாங்கியது. 99 இடத்தில் விகிதப்படி 18 வந்திருக்க வேண்டும். கிடைத்தது 2: சிடன்ஹாமில் ஆண்டர்டன், ஆக்லாந்து மத்தியில் சாண்ட்ரா லீ. தேசியக் கட்சி 35% வாங்கி 50 இடத்தோடு ஆட்சியைத் தக்கவைத்தது. அதே நாளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 53.9% பேர் புதிய முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய முறையில் சிறு கட்சிக்குக் கிடைத்த அரிய வெற்றிகளில் ஒன்றான சிடன்ஹாம், அந்த முறை முடிவுக்கு வந்தபோது தானும் முடிந்தது. ஆண்டர்டன் 1996 முதல் 2011 வரை விக்ரமின் உறுப்பினர்.

#18 எல்லைக்கல்

அது நியாயமான திருத்தம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தென் தீவுக்கு 16 என்ற பிரிவு சட்டத்தில் காப்பிடப்பட்டது. மாற்ற வேண்டுமானால் அவையில் 75% ஆதரவோ பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையோ வேண்டும். ஆகவே கிறைஸ்ட்சர்ச்சில் சிறிய புறநகர்த் தொகுதி ஒன்றை மீட்பது எல்லை ஆணையத்தின் கையில் இல்லை.

#19 பட்டியல்காரர்

எல்லைகளை வரையும்போது கைக்கொள்ள வேண்டியவை. 1946–1996 சிடன்ஹாம் ஒரே வடிவத்தில் இருக்கவில்லை. பத்து வரைபடம் உண்டு. முதலில் பயன்பட்ட தேர்தல் ஆண்டைச் சொன்னால்: 1946, 1954, 1957, 1963, 1969, 1972, 1978, 1984, 1987, 1993. 1946 வரைபடத்தில் மூன்று தேர்தல் நடந்தது. 1954, 1969, 1984, 1993 வரைபடங்கள் தலா ஒரே தேர்தலுக்கு. 1975க்கு 1972 வரைபடம், 1990க்கு 1987 வரைபடம். 1974 இடைத்தேர்தலும் 1972 எல்லையில்தான்.

இதில் நிகழும் பெரிய தவறு, இரண்டு வரைபடக் காலத்தின் வாக்கு வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆதரவு குறைந்தது" என்று எழுதுவது. 1981க்கும் 1984க்கும் நடுவே கோடு நகர்ந்திருக்கிறது. 1987–1990 ஒப்பீடு மட்டும் ஒரே எல்லையில் ஆண்டர்டனைக் கட்சி மாறுவதற்கு முன்னும் பின்னும் காட்டும். ஒப்பிட விரும்பினால் அந்த ஜோடியை எடுங்கள், வாக்குச்சாவடி வாரியாக.

எல்லையின் எழுத்து விவரம் அரசிதழில் இருக்கும். நாடாளுமன்ற ஏடுகளில் தேர்தல் முடிவு அறிக்கை பெரும்பாலும் எச்–33 என்ற வரிசையில் வரும். நாளிதழ்த் தேடலில் வெறும் "சிடன்ஹாம்" போட்டால் லண்டன் சிடன்ஹாம் வந்து குவியும். 1854இல் கிறிஸ்டல் பேலஸ் அங்கே மாற்றப்பட்டதால் 19ஆம் நூற்றாண்டுச் செய்திகளில் அந்தப் பெயர் நிறைய. மெல்பர்ன், சிட்னியிலும் சிடன்ஹாம் உண்டு. கான்டர்பரி வட்டாரத்து நாளிதழ்களுக்கு மட்டும் தேடலைச் சுருக்கி, தேர்தல் நாளுக்கு முந்தைய ஆறு வாரத்தை எடுத்தால் குப்பை குறையும்.

#20 ஏடுதேடி

எல்லோர் சொன்னதையும் வைத்துத் திருத்திய தொடக்கம்:

"சிடன்ஹாம் என்ற பெயரில் கிறைஸ்ட்சர்ச்சின் தெற்கே இரண்டு தொகுதிகள் இருந்தன. முதலாவது 1881இல் அமைந்து, 1890இல் மூவர் தொகுதிக்குள் கரைந்தது. இரண்டாவது, கிராமப்புறக் கூடுதல் 1945இல் ஒழிக்கப்பட்டதன் விளைவாக 1946இல் அமைந்தது. தென் தீவின் பொதுத் தொகுதிகள் 25இலிருந்து 16ஆகக் குறைந்த 1996 தேர்தலில் அது மறைந்தது. அந்தக் குறைப்பு கலப்பு விகிதாசார முறையின் பகுதி. 1946க்குப் பின் அதை நால்வர் பிரதிநிதித்துவம் செய்தனர். அவர்களில் ஒருவர் பிரதமர், ஒருவர் நாட்டின் முதல் பெண் அமைச்சர்."

#21 வாக்குச்சீட்டு

நன்றாக இருக்கிறது. "அமைச்சர்" என்ற இடத்தில் 1947 என்று ஆண்டு போடுங்கள். அட்டவணையில் ஆண்டர்டனுக்கு மூன்று வரி வேண்டும்: 1984–1989 தொழிற்கட்சி, 1989–1991 புதுத் தொழிற்கட்சி, 1991 டிசம்பர் முதல் கூட்டணிக் கட்சி.

#22 தென்காற்று

வரைபடத்தில் மூர்ஹவுஸ் அவென்யூவுக்கு 1881 பக்கத்தில் "சவுத் பெல்ட்" என்று எழுதுங்கள். 1946 பக்கத்தில் புதுப் பெயர்.